மாத்திரை அட்டை சத்தம் கேட்டாலே ஓடி ஒளியும் பூனைக்கு மருந்து கொடுப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

எங்கள் வீட்டுப் பூனையின் பெயர் சொப்பு. எடை மூன்றரைக் கிலோ. நான்கு வருடத்துக்கு முன் அதற்கு வயிற்றுப்போக்கு வந்தபோது டாக்டர் மெட்ரோனிடசோல் எழுதிக் கொடுத்தார். கால் மாத்திரை, காலை மாலை, ஐந்து நாள். கால் மாத்திரைதானே என்று அன்று ராத்திரி தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தேன். ஐந்தே நிமிடம். முழங்கையில் மூன்று கீறல், சட்டையெல்லாம் வெள்ளை நுரை, சொப்பு பீரோவுக்கு அடியில். நுரையைப் பார்த்து விஷம் ஏறிவிட்டது என்று பதறி டாக்டருக்குப் போன் போட்டேன். அவர் சிரிக்காமல் சொன்னார்: "கசப்புங்க. நாக்குல பட்டா அப்படித்தான் நுரை தள்ளும். தண்ணி வெச்சிட்டுத் தனியா விடுங்க."

மறுநாளிலிருந்துதான் உண்மையான கஷ்டம். மாத்திரை அட்டையைக் கிழிக்கிற சத்தம் கேட்டாலே சொப்பு காணாமல் போனது. நான் தரையில் சம்மணமிட்டாலே போனது. சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை நாடாது என்று சும்மாவா சொன்னார்கள். பூனைக்கு மருந்து கொடுப்பதில் முதல் டோஸ்தான் மிச்ச எல்லா டோஸையும் தீர்மானிக்கிறது. அதைக் கெடுத்துக்கொண்டவர்கள் இனி என்ன செய்யலாம், இன்னும் கெடுத்துக்கொள்ளாதவர்கள் எப்படிக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். மருந்தின் அளவையும் பெயரையும் உங்கள் கால்நடை மருத்துவர்தான் சொல்லவேண்டும். நான் சொல்வது கைவேலை மட்டும்.

தேனில் குழைத்துக் கொடுத்தால் என்ன?

எங்கள் அம்மா முதலில் சொன்ன யோசனை அதுதான். "குழந்தைக்குக் கொடுக்கிற மாதிரி கொஞ்சம் தேன்ல குழைச்சு..." பூனையிடம் அது செல்லாது. இனிப்பை உணரும் ஏற்பிக்கு வேண்டிய மரபணு ஒன்று பூனை இனத்தில் செயலிழந்து கிடக்கிறது. 2005-இல் இதைக் கண்டுபிடித்துச் சொன்னார்கள். சர்க்கரை, வெல்லம், தேன் எதுவுமே அதற்கு இனிப்பாகத் தெரியாது. கசப்பு மட்டும் நன்றாகவே தெரியும். ஆகவே இனிப்பில் மறைக்கிற நம் வீட்டு வைத்தியம் நாய்க்கும் பிள்ளைக்கும்தான். பூனையை மயக்க மீன் வாசனையும் கொழுப்பும் வேண்டும்.

டாக்டர் அறையை விட்டு வெளியே வருமுன்

பாதிப் போராட்டத்தை அங்கேயே தவிர்த்துவிடலாம். சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவமனை மாதிரிக் கூட்டமான இடத்தில், பின்னால் பத்து பேர் நிற்கும்போது கேள்வி கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். கேட்டுவிடுங்கள்.

இதே மருந்து சிரப்பாகவோ ஊசியாகவோ கிடைக்குமா? இதுதான் முதல் கேள்வி. ஒரே ஊசியில் இரண்டு வாரம் வரை வேலை செய்யும் ஆன்டிபயாட்டிக்கூட உண்டு. எல்லா நோய்க்கும் அது பொருந்தாது, விலையும் கூடுதல். ஆனால் தெருவிலிருந்து எடுத்துவந்த, தொடவிடாத பூனைக்கு அது பெரிய வரம். குடற்புழுவுக்கும் கழுத்தில் விடுகிற சொட்டு மருந்து இருக்கிறது.

அடுத்து, சாப்பாட்டோடு கொடுக்கலாமா, வெறும் வயிற்றிலா? பாலும் தயிரும் ஆகுமா? டாக்ஸிசைக்ளின், என்ரோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாட்டிக்குகளைப் பாலில் உள்ள கால்சியம் பிடித்துக்கொள்ளும், உடம்பில் சரியாகச் சேரவிடாது. பொதுவாகவே வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது என்பது தனிக்கதை.

மாத்திரையை உடைக்கலாமா, பொடிக்கலாமா? குடலில் போய்க் கரையும்படி மேல்பூச்சு போட்டதையும், மெதுவாகக் கரையும்படி செய்ததையும் உடைத்தால் மருந்தின் வேலையே மாறிவிடும். சாதாரண மாத்திரைகளைப் பொடித்தாலும் உள்ளே பூட்டிவைத்த கசப்பு வெளியே வரும். அம்மியில் நுணுக்கிச் சோற்றில் கலந்தேன், பூனை தட்டையே திரும்பிப் பார்க்கவில்லை என்று புலம்புகிறவர்கள் எல்லாம் இந்தத் தப்பைச் செய்தவர்கள்தான். நான் உட்பட.

நம் ஊரில் பூனைக்கு எழுதுகிற மருந்தில் பாதி மனிதருக்கான மருந்து. அதனால் கால், அரைக்கால் என்று நறுக்கவேண்டி வரும். இதில் ஒரு சின்ன வழி இருக்கிறது. ரத்த அழுத்தத்துக்குப் பூனைக்கு அம்லோடிபின் 0.625 மி.கி. என்று எழுதினால், 5 மி.கி. மாத்திரையை எட்டாக உடைக்கவேண்டும். பாதி பொடியாகிப் போகும். 2.5 மி.கி. மாத்திரை வாங்கினால் நாலாக உடைத்தால் போதும். "இதைவிடச் சின்ன பவர்ல வருமா?" என்று கேளுங்கள்.

சிரப் என்றால் சீட்டில் எழுதியிருப்பது மி.கி.யா மி.லி.யா என்று அங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள். சிரிஞ்சில் எந்தக் கோடுவரை இழுக்கவேண்டும் என்று பேனாவால் குறித்துத் தரச் சொல்லுங்கள். எடையும் முக்கியம். என்ரோஃப்ளாக்சசின் நாளொன்றுக்கு ஒரு கிலோவுக்கு 5 மி.கி.க்கு மேல் போனால் பூனையின் விழித்திரை கெட்டுக் கண் போய்விடும் ஆபத்து உண்டு. போனில் ஆலோசனை கேட்கிறவர்கள் வீட்டு எடை மெஷினில் பூனையைத் தூக்கிக்கொண்டு ஒரு தடவை, வெறுங்கையோடு ஒரு தடவை நின்று கழித்துச் சொல்லுங்கள். "ஒரு நாலு கிலோ இருக்கும் டாக்டர்" என்று குத்துமதிப்பாகச் சொல்லவேண்டாம்.

கடைசியாக, "முதல் டோஸை நீங்களே கொடுத்துக் காட்டுங்க டாக்டர்" என்று கேளுங்கள். பத்து வீடியோ பார்ப்பதைவிட அந்தப் பத்து நொடி மேல்.

வீட்டு மருந்துப் பெட்டியை மூடி வையுங்கள்

இதைத் தனியாகச் சொல்லியே ஆகவேண்டும். பூனைக்கு உடம்பு சுடுகிறது என்று டோலோ, குரோசின், கால்பால் எதையும் கொடுக்காதீர்கள். எல்லாமே பாராசிட்டமால். அதைச் சிதைத்து வெளியேற்றும் நொதி பூனையின் கல்லீரலில் மிகக் குறைவு. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் சக்தியை இழந்து ஈறு பழுப்பு நிறமாகும், முகம் வீங்கும், மூச்சு வாங்கும். 650 மி.கி. மாத்திரையில் கால் துண்டுகூட ஆபத்து, ஒரு மாத்திரை உயிரைக் குடித்துவிடும். காம்பிஃப்ளாம், புரூஃபன், ஆஸ்பிரின் ஆகியவற்றையும் நீங்களாகக் கொடுக்கக்கூடாது. தெரியாமல் கொடுத்துவிட்டால் அறிகுறிக்காகக் காத்திருக்காமல் உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கொடுத்த ஆல்பென்டசோல் குடற்புழு மாத்திரை மீதி இருக்கிறதே என்று பூனைக்குப் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது பூனையின் எலும்பு மஜ்ஜையைப் பாதிக்கக்கூடும். சொறிக்குத் தேங்காயெண்ணெயில் கற்பூரம் காய்ச்சித் தடவுவதும் வேண்டாம். கற்பூரம் பூனைக்கு நஞ்சு, தடவியதை அது நக்கவும் செய்யும். நாய்க்கு விடுகிற உண்ணி மருந்தில் பெர்மெத்ரின் இருந்தால் பூனைக்கு வலிப்பே வரும்.

எடுத்துவைக்க வேண்டியவை

பெரிய பட்டியல் இல்லை. ஒரு தேங்காய்ப்பூத் துண்டு, ஊசி கழற்றிய 1 மி.லி., 3 மி.லி. சிரிஞ்சுகள், மாத்திரை வெட்டும் சின்ன டப்பா (கத்தியால் நறுக்கினால் பாதி மாத்திரை சமையலறை மூலைக்குத் தெறிக்கும்), கொஞ்சம் உப்பில்லாத வெண்ணெய், பூனைக்குப் பைத்தியம் பிடிக்கிற ஏதாவது ஒரு தின்பண்டம். கசப்பு மாத்திரை என்றால் மூன்றாம் அல்லது நான்காம் நம்பர் காலி கேப்சூல் வாங்கி உள்ளே போட்டு மூடலாம். நுனியில் மாத்திரையைக் கவ்விக்கொள்ளும் பிளாஸ்டிக் குழல் ஒன்றும் ஆன்லைனில் கிடைக்கிறது. கடிக்குப் பயப்படுகிறவர்களுக்கு அது நல்ல துணை, நுனி மட்டும் மெத்தென்று ரப்பராக இருக்கவேண்டும். தடித்த கையுறை போடாதீர்கள். விரலுக்கு உணர்வு போய்விடும், எவ்வளவு அழுத்துகிறோம் என்றே தெரியாது.

முதல் வழி: தின்பண்டத்தில் ஒளித்தல்

பூனை பசியோடு இருந்து, டாக்டரும் சாப்பாட்டோடு கொடுக்கலாம் என்று சொல்லியிருந்தால் இதை முதலில் முயலுங்கள். சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன், வயிறு காலியாக இருக்கும்போது.

எதில் ஒளிப்பது? வேகவைத்த கோழி ஈரல், முள் எடுத்த மத்தி, வேகவைத்த இறாலின் சதை. குழாய் பாக்கெட்டில் வரும் மீ-ஓ, ஷீபா வகை நக்கும் கிரீம் இன்னும் வசதி. கருவாடு என்றால் தண்ணீரில் நன்றாக ஊறவைத்து உப்பை எடுத்துவிட்டுத் துளி போதும். நம் வீட்டு மீன்குழம்பில் கிடந்த துண்டு ஆகாது, வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததைக் கையில் தொட்டால் இளஞ்சூடாக இருக்கும்படி சூடாக்குங்கள். சூடு ஏறினால்தான் வாசனை எழும்பும், பூனை மூக்கால்தான் சாப்பிடுகிறது.

இதில் ஒரு தந்திரம். ஒரே அளவில் நாலு உருண்டை பிடியுங்கள். கடலைப் பருப்பு அளவு போதும், மெல்லாமல் விழுங்கவேண்டும். முதல் இரண்டும் வெறும் ஈரல். மூன்றாவதில் மாத்திரை. நான்காவது மறுபடி வெறும் ஈரல், அதை மூன்றாவதை விழுங்குமுன்பே மூக்குக்கு நேராகக் காட்டுங்கள். அடுத்ததைப் பிடிக்கிற அவசரத்தில் இதை விழுங்கிவிடும். மாத்திரை தொட்ட விரலால் உருண்டையின் வெளிப்பக்கத்தைத் தொட்டால் கதை முடிந்தது. வாசனை பிடித்துவிடும். ஒரு கையால் மாத்திரை, மறு கையால் உருண்டை.

தினசரிச் சாப்பாட்டுத் தட்டில் மட்டும் கலக்காதீர்கள். பாதி தின்றால் எவ்வளவு மருந்து போனது என்று தெரியாது. அதைவிட மோசம், அந்தச் சாப்பாட்டையே அது வெறுத்துவிடும். நோயாளிப் பூனை, அதிலும் குண்டான பூனை, இரண்டு நாள் பட்டினி கிடந்தாலே கல்லீரலில் கொழுப்பு படிந்து அது தனி நோயாக மாறிவிடும். மருந்துக்குப் பயந்து சாப்பாட்டை விட்டால் லாபத்தைவிட நஷ்டம் பெரிது.

இரண்டாம் வழி: கையால் கொடுத்தல்

இந்த வேலை சரியாக நடந்தால் பத்து நொடிக்குள் முடியும். அந்தப் பத்து நொடிக்கு முன்னால் ஐந்து நிமிட ஏற்பாடு இருக்கிறது.

1. பூனையைத் தேடுமுன் எல்லாவற்றையும் தயாராக வையுங்கள். மாத்திரையை வேறு அறையில், கதவைச் சாத்திக்கொண்டு அட்டையிலிருந்து எடுங்கள். மேலே வெண்ணெய் லேசாகத் தடவுங்கள். சிரிஞ்சில் தண்ணீர், தட்டில் தின்பண்டம், எல்லாம் உங்கள் வலக்கை எட்டும் தூரத்தில்.

2. இடத்தைத் தேர்ந்தெடுங்கள். அது தூங்கும் இடமும் சாப்பிடும் இடமும் வேண்டாம். சின்ன அறையாக, கட்டில் பீரோ இல்லாததாக இருந்தால் நல்லது. கட்டிலுக்கடியிலிருந்து காலைப் பிடித்து இழுத்து ஆரம்பித்தால் அன்றைக்கு உருப்படாது. அதுவாக வரும் நேரத்தைப் பாருங்கள்.

3. தரையில் மண்டியிட்டு, குதிகால் இரண்டையும் சேர்த்து, தொடைகளுக்கு நடுவில் பூனையை வையுங்கள். அதன் முதுகு உங்கள் பக்கம், முகம் வெளியே. பூனை முன்னால் பாய்வதைவிடப் பின்னால் நழுவித்தான் தப்பிக்கும். பின்னால் நீங்கள் இருந்தால் அந்த வழி அடைபட்டது. மேலே உட்காரக்கூடாது, எடை உங்கள் காலில்தான் இருக்கவேண்டும். முட்டி மடங்காதவர்கள் மேசைமேல் துண்டை விரித்து, பூனையின் பின்பக்கத்தை உங்கள் வயிற்றோடு அணைத்துக்கொள்ளுங்கள்.

4. இடக்கையை மேலிருந்து தலையில் தொப்பி மாதிரி கவிழ்த்து, கட்டைவிரலையும் நடுவிரலையும் இரண்டு பக்கக் கன்ன எலும்பில் வையுங்கள். தொண்டையை நெரிக்காமல், மீசையைப் பிடிக்காமல். பிடரித் தோலைக் கொத்தாகப் பிடித்துத் தூக்குவது பழைய முறை. குட்டியைத் தாய் தூக்குகிறதே என்பார்கள். வளர்ந்த பூனைக்கு அது பயத்தைத்தான் கூட்டும், பூனை மருத்துவர்கள் அதை இப்போது வேண்டாம் என்கிறார்கள்.

5. மூக்கு உத்தரத்தைப் பார்க்கும்படி தலையை மெதுவாகப் பின்னால் சாயுங்கள். இதைச் சரியாகச் செய்தாலே கீழ்த்தாடை தானாகக் கொஞ்சம் இறங்கும்.

6. வலக்கைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் மாத்திரை. நடுவிரல் நுனியால் கீழ்வாயின் முன்பக்கம் இருக்கிற அரிசி மாதிரிக் குட்டிப் பற்களை அழுத்தினால் வாய் திறக்கும். பக்கவாட்டில் நிற்கும் கோரைப்பல் பக்கம் விரலைக் கொண்டுபோகாதீர்கள்.

7. நாக்கின் நடுவில், எவ்வளவு உள்ளே முடியுமோ அவ்வளவு உள்ளே மாத்திரையைப் போடுங்கள். நாக்கின் பின்புறம் ஒரு மேடு இருக்கும், அதைத் தாண்டிவிட்டால் ஜெயித்தோம். நாக்கு நுனியிலோ ஓரத்திலோ விழுந்தால் உங்கள் முகத்துக்கே திரும்பி வரும்.

8. வாயை மூடி, தலையைச் சமநிலைக்குக் கொண்டுவந்து, தொண்டையை மேலிருந்து கீழாக வருடுங்கள். மூக்கில் லேசாக ஊதினாலும் விழுங்கும். நாக்கை வெளியே நீட்டி மூக்கை நக்கினால் மாத்திரை போய்விட்டது என்று அர்த்தம்.

9. தண்ணீர். பெரும்பாலானோர் விட்டுவிடுவது இதைத்தான். வறட்டு மாத்திரை பூனையின் உணவுக்குழாயில் பல நிமிடம் ஒட்டிக்கொண்டு நிற்கும். டாக்ஸிசைக்ளின், கிளின்டாமைசின் போன்றவை அங்கேயே நின்றால் புண்ணாகி, பிறகு குழாயே சுருங்கிச் சோறு இறங்காமல் போகும். ஆகவே ஒவ்வொரு மாத்திரைக்கும் கேப்சூலுக்கும் பின்னால் 5, 6 மி.லி. தண்ணீரைக் கன்னத்தின் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். அடம் பிடித்தால் மூக்கு நுனியில் வெண்ணெய் தடவுங்கள், நக்கி நக்கி உமிழ்நீரோடு இறங்கும். டாக்டர் தடுக்காவிட்டால் உடனே நாலு வாய் ஈரமான சாப்பாடு கொடுப்பது இன்னும் நல்லது.

10. தின்பண்டத்தை வைத்துவிட்டு நீங்கள் முதலில் கையை எடுங்கள். அது பிடுங்கிக்கொண்டு ஓடும் நிலைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

துண்டில் சுற்றுவது

நகம் போடுகிற பூனைக்குத்தான் இது. துண்டை மேசையில் விரித்து, முன் ஓரத்திலிருந்து ஒரு சாண் தள்ளிப் பூனையை நடுவில் வையுங்கள். ஒரு பக்கத் துண்டை முதுகுக்கு மேல் கொண்டுவந்து முன்கால்கள் உள்ளே மடங்கும்படி வயிற்றுக்கடியில் செருகுங்கள். முன் ஓரத்தை மார்புக்குக் குறுக்கே கழுத்தைச் சுற்றி எடுங்கள். மறு பக்கத்தையும் அதேபோல் மேலே போட்டுச் செருகுங்கள். குளித்த குழந்தையைச் சுற்றுகிற மாதிரிதான். கழுத்தில் இரண்டு விரல் நுழையும் இடைவெளி வேண்டும். முன்கால் ஒன்று வெளியே வந்தாலும் மொத்தமும் அவிழ்ந்துவிடும், மறுபடி முதலிலிருந்து சுற்றுங்கள்.

கத்திரி வெயிலில் இரண்டு நிமிடத்துக்கு மேல் சுற்றி வைக்காதீர்கள். நாய் மாதிரி வாயைத் திறந்து இளைத்தால் உடனே அவிழ்த்துவிடவேண்டும். மருந்து இல்லாத நாளிலும் துண்டில் உட்காரவைத்துத் தின்பண்டம் கொடுத்துப் பழக்கினால் துண்டைக் கண்டு ஓடாது. இரண்டு பேர் செய்வதாக இருந்தால் ஒருவர் பூனைக்கு மட்டும், ஒருவர் மருந்துக்கு மட்டும். இரண்டு பேருமே யோசனை சொல்லக்கூடாது. எங்கள் வீட்டில் சண்டை வந்தது இதில்தான்.

சிரப் கொடுப்பது

பாட்டிலை நன்றாகக் குலுக்குங்கள். தண்ணீர் கலந்து கரைக்கும் அமாக்ஸிசிலின்–கிளாவுலனேட் சிரப்பைக் கரைத்தபின் ஃபிரிட்ஜில் வைக்கவேண்டும், ஏழு நாளுக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது. கொடுக்குமுன் சிரிஞ்சை உள்ளங்கையில் ஒரு நிமிடம் பொத்தி வைத்தால் சில்லென்று இருக்காது. சிரிஞ்சின் வெளிப்பக்கத்தைத் துடைத்து, நுனியில் மீன் கிரீமைத் தொட்டுக்கொள்ளுங்கள்.

தலையை அண்ணாந்து பிடிக்காதீர்கள். மாத்திரைக்கும் சிரப்புக்கும் உள்ள முக்கியமான வித்தியாசம் இதுதான். திரவம் அண்ணாந்த தொண்டையில் விழுந்தால் மூச்சுக்குழாய்க்குப் போய் நுரையீரலில் சளி கட்டும். தலை நேராக இருக்கட்டும். கோரைப்பல்லுக்குப் பின்னால் பல் இல்லாத ஓர் இடைவெளி இருக்கிறது, பக்கவாட்டில் அந்த வழியாக நுனியை நுழைத்து, அரை மி.லி. விட்டு, விழுங்கவிட்டு, மறுபடி அரை மி.லி. இருமினால் நிறுத்தித் தலையைத் தாழ்த்துங்கள். கொஞ்சம் வாயோரம் வழிவது சகஜம், அதைக் கணக்குப் போட்டு நீங்களாக மேலும் ஊற்றவேண்டாம்.

கண், காது, கழுத்து

கண் சொட்டு மருந்தைப் பின்னாலிருந்து கொண்டுவாருங்கள். எதிரிலிருந்து பாட்டில் வருவதைப் பார்த்தால் யாருமே கண்ணை மூடத்தான் செய்வார்கள். புருவத்தில் கையை ஊன்றிக்கொண்டால் அது திடீரென்று அசைந்தாலும் நுனி கண்ணில் குத்தாது. காது மருந்தை விட்டதும் காதின் அடியில் வெளிப்புறமாகப் பிசைந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள், தலையை உதறும். கழுத்துச் சொட்டு மருந்தை மயிரை வகிர்ந்து தோலில் விடவேண்டும், மண்டையோட்டுக்குச் சற்றுக் கீழே, நாக்கு எட்டாத இடத்தில். இன்னொரு பூனை வீட்டில் இருந்தால் காயும்வரை பிரித்து வையுங்கள், அது நக்கிவிட்டு நுரை தள்ளும்.

துப்பினால், வாந்தி எடுத்தால், மறந்துபோனால்

சில பூனைகள் கன்னத்தில் ஒதுக்கிவைத்துக்கொண்டு, தின்பண்டத்தையும் தின்றுவிட்டு, அடுத்த அறையில் போய்த் துப்பும். ஐந்து நிமிடம் கண் வைத்திருங்கள். துப்பிய மாத்திரை முழுதாக இருந்தால் துடைத்து, கேப்சூலில் போட்டு, இன்னொரு முறை முயலலாம். நடுவில் இருபது நிமிடமாவது இடைவெளி விடுங்கள். இரண்டாம் முறையும் முடியவில்லையா, அத்தோடு விட்டுவிட்டு டாக்டருக்குப் பேசுங்கள். மூன்றாம் முறை இரண்டு பேருக்குமே நிதானம் இருக்காது. மிஞ்சினால் கெஞ்சும் என்ற வசனமெல்லாம் பூனையிடம் எடுபடாது, மிஞ்சினாலும் மிஞ்சும்.

வாந்தியில் மாத்திரை முழுதாகத் தெரிந்தால் எத்தனை நிமிடத்தில் வந்தது என்று குறித்துக்கொண்டு கேளுங்கள். தெரியவில்லை என்றால் நீங்களாக இன்னொன்று கொடுக்காதீர்கள். ஒரு வேளை மறந்துவிட்டால் அடுத்த வேளை இரண்டாகக் கொடுக்கக் கூடாது.

கடித்துவிட்டால்

நாம் நாய்க்கடிக்குப் பயப்படும் அளவுக்குப் பூனைக்கடிக்குப் பயப்படுவதில்லை. பூனைப் பல் ஊசி மாதிரி, மேலே சின்ன ஓட்டைதான் தெரியும், கிருமி ஆழத்தில் போய் உட்காரும், மறுநாள் கை வீங்கும். சோப்பும் ஓடும் தண்ணீரும் வைத்து 15 நிமிடம் கழுவுங்கள். நம் நாட்டில் ரேபிஸ் இருக்கிறது, பூனைக்கும் வரும், கடியாலும் நகக்கீறலாலும் பரவும். அன்றைக்கே போய்க் காட்டுங்கள். ஆரம்ப சுகாதார நிலையங்களில் ரேபிஸ் தடுப்பூசி இலவசம். தோலுக்குள் போடும் முறை என்றால் 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் நாலு தடவை. மஞ்சள் பொடி, சுண்ணாம்பு, காபித்தூள் எதையும் காயத்தில் அப்பாதீர்கள். பூனைக்கும் வருடாந்தரத் தடுப்பூசியைத் தவறவிடாதீர்கள்.

நாள்கணக்கில் தொடரும் மருந்து

ஐந்து நாள் என்றால் எப்படியோ ஓட்டிவிடலாம். எஃப்.ஐ.பி. என்கிற பூனை கொரோனா வைரஸ் நோய்க்கு ஜி.எஸ்.-441524 மாத்திரையை வழக்கமாக 84 நாள் கொடுக்கிறார்கள். ரத்த அழுத்தத்துக்கு என்றால் ஆயுள் முழுக்க. இங்கே ஒளிப்பதைவிடப் பழக்குவதுதான் நிற்கும். தினமும் அதே நேரம், அதே இடம், அதே வார்த்தை. "சொப்பு, மருந்து" என்று சொல்லிவிட்டே கொடுக்கிறேன். திடீரென்று பாய்ந்து பிடிப்பதில்லை என்று தெரிந்ததும் மற்ற நேரங்களில் அது என்னிடம் பயமில்லாமல் வர ஆரம்பித்தது. கொஞ்சுவதற்காகக் கூப்பிட்டு மாத்திரை கொடுத்தால் அடுத்த முறை கொஞ்சக் கூப்பிட்டாலும் வராது. ஆசைத் தின்பண்டத்தை அந்த நேரத்துக்கு மட்டுமே ஒதுக்குங்கள். நாள்காட்டித் தாளில் கொடுத்ததும் டிக் அடியுங்கள், இல்லாவிட்டால் அம்மா ஒன்று, நீங்கள் ஒன்று என்று இரண்டு டோஸ் போய்விடும்.

மொட்டைமாடிக்கு வந்து தின்றுவிட்டுப் போகும் தெருப்பூனைக்குக் கைவைத்தியம் செய்ய முயலாதீர்கள். மற்றப் பூனைகளைத் தள்ளி நிறுத்தி, அந்த ஒன்றுக்கு மட்டும் மத்தித் துண்டில் வைத்துப் போட்டு, விழுங்கும்வரை நின்று பாருங்கள். ஒரே நாளில் முடியும் மருந்தாகக் கேட்டு வாங்குங்கள்.

மருந்து ஆரம்பித்தபின் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டாலோ, விழுங்கும்போது கழுத்தை நீட்டி நீட்டித் திணறினாலோ, ஈறு மஞ்சளாகவோ பழுப்பாகவோ தெரிந்தாலோ, மூச்சு வாங்கினாலோ அன்றே டாக்டரிடம் காட்டவேண்டும். வயிற்றுப்போக்கு நின்றுவிட்டது என்று ஆன்டிபயாட்டிக்கை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், மிஞ்சிய மாத்திரையை அடுத்த பூனைக்கு எடுத்து வைக்கவும் வேண்டாம்.

சொப்பு அந்த ஐந்து நாள் கோர்ஸை முடித்தது என்றுதான் நான் டாக்டரிடம் சொல்லியிருந்தேன். போகிக்கு வீடு ஒழிக்கும்போது சோஃபாவை நகர்த்தினோம். பின்னால், தூசியும் ரோமமும் சுற்றிக்கொண்டு, மூன்று கால் மாத்திரைகள் கிடந்தன.